வாங்க என்று சொல்லாத வீடு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் முதலில் பயமாக இருக்கிறது. முன்னால் வரவேண்டியது பின்னால் போய்விடும், பின்னால் வரவேண்டியதை முன்னாலேயே உளறிவிடுவேன். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தவளுக்கு நூலை எந்த முனையில் பிடித்து இழுப்பது என்று தெரியும், கதையை எங்கே பிடிப்பது என்று தெரியாது. இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருக்கிறது. அவன் பேசியதை அவன் பேசிய மாதிரியே நான் சொல்லப்போய், படிக்கிற வீட்டில் யாராவது அவனை நினைத்து வாயைத் திறந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் அவன் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவன் பாடுகிற பாட்டையும் சொல்ல மாட்டேன். மற்றபடி நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் காவிரிக்கரையில் இருக்கிற தறி ஊர். விடிகிற நேரத்தில் ஒரு பட்டறையில் ஆரம்பிக்கிற சத்தம் அடுத்த பட்டறைக்குத் தாவி, அங்கிருந்து அடுத்த வீதிக்குத் தாவி, வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க ஒரே சடக்குப் புடக்காகிவிடும். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் காதால் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பட்டறையின் இந்த முனையில் நின்று நான் சத்தமே இல்லாமல் "சோறு வெந்துருச்சு" என்று வாயசைத்தால், அந்த முனையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கிற என் வீட்டுக்காரர் தலையாட்டுவார். கல்யாணமானதிலிருந்து எங்கள் பேச்சில் முக்கால்வாசி இப்படித்தான், சண்டையும் அப்படித்தான், சமாதானமும் அப்படித்தான். கரண்ட் போய்த் தறி நின்ற நேரத்தில் அவர் குரல் காதில் விழுந்தால், யாரோ வேற்று ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர் பெயர் சென்னியப்பன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் எங்களுக்கு நாலு தறி இருந்தது. ஊரான் தறியில் கூலிக்கு நின்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்தது. வெளியாளுக்கு நாலும் ஒரே சத்தம், எனக்கு அப்படியில்லை. முதல் தறி அதட்டுகிற மாதிரி அடிக்கும், இரண்டாவது அதற்குப் பதில் சொல்லும், மூன்றாவதுக்கு லேசாக இருமல் உண்டு, நாலாவது எப்போதும் கொஞ்சம் பின்தங்கி அவசரமாக வந்து சேர்ந்துகொள்ளும். அடுப்படியில் நின்றுகொண்டே எந்தத் தறியில் குறுக்கே ஓடுகிற நாடா சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வாசலில் ஒரு நிழல் தட்டினாலே "வாங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரனா, சண்டைக்கு வந்தவனா, சீட்டுப் பணம் கேட்டு வந்தவனா என்பதெல்லாம் அப்புறம். முதலில் வாங்க, பிறகு ஒரு சொம்புத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் என்ன ஏது என்று கேட்பது. ஒரு விசேஷத்தில் "வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்பதற்காக இன்றுவரை முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். வாங்க என்று சொல்லக்கூடாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. அதை இப்போதே சொன்னால் கதை கெட்டுப்போகும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் மூன்றாவது தறிக்குக் கீழே படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்பதற்காகப் போனைத் தார்ப்பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தார். பாட்டுக்கு நடுவில் அந்த விளம்பரம் வந்தது. வானநீலச் சட்டை போட்ட ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கமுங்க மாமா, நல்லாயிருக்கீங்களா?" என்றான். இவர் தலையைத் திருப்பாமல், பழக்கதோஷத்தில், "வாங்க மாப்ளே, உக்காருங்க, இதா வந்தர்றேன்" என்றார்.

அவன் வந்துவிட்டான்.

செருப்பைப் போனுக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலை எடுத்துத் தார்ப்பெட்டி மேல் வைத்து, இன்னொரு காலைத் தரையில் ஊன்றி, சட்டை கசங்காமல் இறங்கி, நூல்மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான். நான் உள்ளே ஓடித் தண்ணீர் மோந்தேன். எனக்கு இருந்த கவலையெல்லாம், இருக்கிற நல்ல சொம்பு நசுங்கியிருக்கிறதே, இரண்டு பேருக்குத்தானே அரிசி போட்டிருக்கிறேன் என்பதுதான். அவன் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். தண்ணீர் குடித்த பிறகு ஒருத்தன் விருந்தாளி. அவனை எழுப்பி அனுப்ப எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது.

அப்புறம் பேச ஆரம்பித்தான். பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரமாவது கேட்டே ஆக வேண்டும், அதற்குள் எழுந்து போகக் கால் வராது. தானும் ஒரு காலத்தில் எங்களைப் போலத்தான் இருந்தானாம், போனில் பணம் கட்டி நாலு சீட்டைத் தள்ளி விளையாடினானாம், இப்போது மாடி வீடாம், காராம். சொல்லி முடித்துவிட்டு, தகரத்தின் மேல் கடுகு கொட்டுகிற வேகத்தில் கடைசியாக எதையோ கடகடவென்று சொன்னான். அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஒன்று இருந்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

மறுநாள் பார்த்தால் அவன் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எதிர்வீட்டு அருக்காணி அக்கா வீட்டில் முறுக்குப் பிழிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். அதே நேரத்தில் முடிவெட்டுகிற கடையில் பெஞ்சு மேல் இருந்தான், அதே நேரத்தில் ரேசன் கடை வரிசையிலும் நின்றான். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கைவேலையாக வாங்க என்று சொல்லியிருந்தார்கள். இத்தனை பேரும் ஒருத்தனா, இல்லை அண்ணன் தம்பிகளா என்று வீதியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்களே தவிர, அவன் எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த விருந்தாளியிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், எதற்கு வந்தீர்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா.

எந்த வீட்டுக்குப் போகிறானோ அந்த வீட்டுப் பேச்சைப் பேசினான். எங்களிடம் எங்கள் ஊர்ப் பேச்சு, தெலுங்கு பேசுகிற வீட்டில் தெலுங்கு, மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த குடும்பத்திடம் அவர்கள் இழுவை. அருக்காணி அக்காவிடம் அவள் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டானாம்.

"கூடப் பொறந்தவன் கேக்கலை கமலா, இவன் கேக்கறான்" என்று அவள் உருகினாள்.

"உன்ற முழங்கால் வலி அவனுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தைலம் எங்க கிடைக்கும்னு போன வாரம் போன்ல தேடினேன். அதைக்கூட ஞாபகம் வச்சுக்கிட்டு விசாரிக்கறான் பாரு, எத்தனை பாசம்!"

அவனுக்குப் பெண் பார்க்கக்கூட ஆரம்பித்தார்கள். மேல்வீதியில் ஒரு வீட்டில் ஜாதகம் கேட்டார்கள். என்ன நட்சத்திரம் என்றதற்கு, "இன்னைக்கே சேர்ந்தீங்கன்னா இரட்டிப்பு" என்றான். ரெட்டை நட்சத்திரம் போலிருக்கிறது என்று பெண்வீட்டார் அதையும் குறித்துக்கொண்டார்கள். அம்மன் திருவிழாவுக்குப் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டான். அந்த வருஷம் பந்தல் வளைவில் அம்மன் படம் ஓரத்தில் இருந்தது, நடுவில் அவன் பல் தெரியச் சிரித்தான். புது வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போகிறவர்களுக்குப் பரிசு உண்டு என்றான். அதனால் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற மாதிரி ஜனங்கள் அவனை முன்னால் விட்டுக்கொண்டு, பக்கத்து ஊர்ச் சொந்தங்களின் வீடு வீடாகப் போனார்கள். ஆரம்பத்தில் எல்லாரையும் ஜெயிக்க வைத்தான். ஊரே கொஞ்ச நாள் ஒரு மாதிரி பளபளப்பாக நடந்தது.

அவன் கடைசியில் கடகடவென்று சொல்கிறதை நான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் பட்டறைக்குள் வந்து பேசினான். சத்தத்தில் குரல் கேட்காது என்பது அவனுக்குத் தெரியவில்லை. நான் அவன் உதட்டைப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அவன் பேச்சு முழுக்க உதடு ஒன்றும் சொல்லவில்லை, வேறு ஏதோ ஊர்ப் பாஷைக்கு அசைகிற மாதிரி சும்மா மென்றுகொண்டிருந்தது. கடைசி வரும்போது மட்டும் உதடு எங்கள் பேச்சைப் பேசியது. "இதில் கைப்பணம் போகலாம், பழகினால் விடாது, யோசித்துக்கொள்ளுங்கள்." அவன் உதடும் குரலும் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

ஓடிப்போய் அருக்காணி அக்காவிடம் சொன்னேன்.

"பார்த்தியா," என்றாள் அவள், "எத்தனை நல்ல மனசு! மறைக்காம அவனே சொல்லிடறான் பாரு."

பிறகு அரசாங்கத்தில் தடை போட்டார்கள். அவனை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து வாசித்துக்கொண்டு போனார்கள். முதல் வாசலில் அவனே நின்றிருந்தான். ஜீப்பிலிருந்து இறங்கிய போலீஸ்காரரும் எங்கள் பக்கத்து ஆள்தான், காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் வாயிலும் "வாங்க" என்றுதான் வந்தது. இருந்தாலும் அன்று சாயங்காலம் நீலச் சட்டைக்காரன் ஊரைவிட்டுப் போனான். மறுநாள் காலையில் மீசை வைத்த ஒருத்தன் வேறு பெயரில் வந்தான், தான் செய்தி வாசிக்கிறவன் என்றான். அவனையும் தடுத்தபோது ஜோசியக்காரனாக வந்தான், அப்புறம் டாக்டர் கோட்டுப் போட்டு வந்தான். பெயர் புதிது, ஆள் புதிது, பல் மட்டும் அதே பல். புது ஆள் என்பதால் ஜனங்கள் புதிதாக வாங்க என்றார்கள்.

என் வீட்டுக்காரர் தீபாவளிக்குக்கூடச் சீட்டுத் தொடாதவர். அவர்தான் விழுந்தார். நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் மூன்றாவது தறியின் இருமல் நின்றிருந்தது. ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். அந்த இடத்தில் தரையில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. அப்புறம் இரண்டாவது தறி போனது. முதல் தறி அதட்டிக்கொண்டே இருந்தது, பதில் சொல்ல யாரும் இல்லை. சத்தம் குறையக் குறைய நான் மிச்சத் தறிகளை எண்ணத் தொடங்கினேன். இவையும் போனால் இந்த வயதில் திரும்ப ஊரான் தறிக்குக் கூலிக்கு நிற்க வேண்டும், கண் வேறு முன்னைப்போல் இல்லை.

"போதுமுங்க மாமா. அவனை வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

"விருந்தாளியை எப்படி புள்ள அப்படிச் சொல்றது? உக்காந்திருக்கறவனை எந்திரின்னு சொல்ற வம்சமா நாம?"

அந்த நாட்களில்தான் அவன் ஊரார் முகத்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். முதலில் வந்தது அருக்காணி அக்காவின் முகம். நானும் அவளும் அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம், வீதியில் இன்னொரு அருக்காணி அக்கா நகை போட்டுக்கொண்டு, தான் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டு போனாள்.

"பரவாயில்லையே, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் இவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு. "அந்த அட்டிகை எனக்கு எடுப்பா இருக்குதில்ல?"

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. "நீ சொல்லித்தானே இறங்கினேன்" என்று சங்ககிரியிலிருந்து அவள் சித்தி மகன் வந்து வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான். அவனுக்கும் முதலில் வாங்க சொல்லித் தண்ணீர் கொடுத்தாள், பாவம்.

அப்புறம் என் முகம் வந்தது. நான் அதை நேரில் பார்க்கவில்லை. நாலாவது தறி போன பிறகுதான் தெரிந்தது.

"அந்தத் தறியை ஏன் மாமா குடுத்தீங்க?"

"நீதானே புள்ள சொன்னே!"

"நானா?"

"நேத்து மத்தியானம். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, இந்தத் தொவைக்கற கல்லு மேல உக்காந்துக்கிட்டு. தைரியமாப் போடுங்க மாமா, போனதெல்லாம் திரும்பி வருமுன்னு. நீ சொல்லாமயா நான் செய்வேன்?"

"என்கிட்ட ஏதுங்க பட்டுச்சேலை? கல்யாணச் சேலையையே எலி கடிச்சுப் போட்டுது."

"ஜெயிச்சு வாங்கினேன்னு சொன்னியே."

எனக்கு அழுகை வரவில்லை, அதிசயமாக இருந்தது. "ஏனுங்க, இத்தனை வருசமா என்ற வாயைப் பார்த்தே பேச்சைப் புடிப்பீங்களே. அவ வாயை ஒருக்கா பார்த்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்குமே, அது சும்மா மெல்லுதுன்னு."

அவர் அந்தத் துவைக்கிற கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கரண்ட் இல்லை புள்ள, தறி ஓடலை. சத்தம் இல்லாததால காதுலயே கேட்டுட்டேன்."

மிச்சம் இருந்தது முதல் தறி ஒன்று. அவள் திரும்ப வருவாள் என்று இருவருக்கும் தெரியும். பட்டுச்சேலையோடு வந்து கல் மேல் உட்கார்ந்து மாமா என்று கூப்பிட்டால் அவர் மறுக்க மாட்டார் என்பதும் தெரியும். விருந்தாளியை அனுப்பச் சொன்ன அந்த ஒரு தடவை தவிர, அவர் ஆயுசுக்கும் என் பேச்சை மறுத்ததில்லை. அந்த நல்ல குணம்தான் எங்களைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் மேல்வீதியில் ஒரு பெரியவர் தவறிப்போனார். நானும் அருக்காணி அக்காவும் போயிருந்தோம். பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவள் தற்செயலாக வெளியே பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் அவன் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு டாக்டர் கோட்டு. கையைக் குவித்துச் சிரித்துக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். ஒருவரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் வருகிறவரை யாரும் வாங்க என்று சொல்வதில்லை, வந்தவரும் போகும்போது போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. இதுதான் நான் முதலில் சொல்லாமல் விட்ட இடம். அவன் ஒரு காலைத் தூக்கினான், உள்ளே வைக்க முடியாமல் திரும்ப வெளியிலேயே வைத்தான். திரும்பத் தூக்கினான். எனக்கு மனசு கேட்கவில்லை, பாவம் வெயிலில் நிற்கிறானே என்று வாயைத் திறந்துவிட்டேன். அருக்காணி அக்கா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பைத்தியமாடி உனக்கு? எழவு வூட்ல உக்காந்துக்கிட்டு வாங்கன்னு சொல்லப் பார்க்கறே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். பெரியவரைத் தூக்கும்போதுகூட என் யோசனை அந்தத் தூக்கிய காலிலேயே இருந்தது. அந்த வீட்டுப் பக்கம் அதற்குப் பிறகும் போய்ப் போய்ப் பார்த்தேன். கருமாதி முடிகிறவரை அவன் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. கருமாதி முடிந்து வீடு கழுவிவிட்ட அன்றைக்கு யாரோ வாங்க என்றார்கள், நுழைந்துவிட்டான்.

நான் பிளக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தினகரன் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்ன போடணுங்க்கா?"

"கண்ணீர் அஞ்சலி."

"யாருக்கு?"

"எனக்குத்தான் தம்பி."

அவர் திகைக்கவில்லை. அதற்குள் எங்கள் ஊரில் எதற்கும் யாரும் திகைப்பதில்லை. "போட்டோ?"

போனைக் காட்டினேன். வீட்டுக்காரர் போனில் அவள் இருந்தாள், பட்டுச்சேலையோடு.

"அட, சூப்பரா இருக்கீங்க. தோற்றம் எப்போன்னு போடட்டும்?"

"போன மாசம்."

"மறைவு?"

"நாளைக்கு."

"சிரிச்ச முகமா இருக்குதே, பரவாயில்லைங்களா?"

"சிரிக்கட்டும் தம்பி. எத்தனை நேரம்னு பார்க்கலாம்."

ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிவிட்டார். காலையில் பார்த்தால் வீதி முழுக்க, அவன் சிரித்துக்கொண்டிருந்த சுவர்களின் மேலெல்லாம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பெஞ்சு போட்டோம், கட்டையைப் போட்டு நெருப்பு மூட்டினோம், தப்பட்டைக்காரர்கள் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, எலி கடித்த என் கல்யாணச் சேலையை மடித்து வைத்து, அதன்மேல் அந்தப் போனைத் தெற்கே தலையாக வைத்து மாலை போட்டேன். பெண்கள் வந்து விழுந்து அழுதார்கள். "பூவும் பொட்டுமாப் போய்ச் சேர்ந்துட்டியே மகராசி" என்று என் பெயரைச் சொல்லி அழுது, தொண்டை காய்ந்து, என்னிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அருக்காணி அக்கா அழுத அழுகையைப் பார்த்து, என்மேல் இத்தனை பிரியமா என்று நானும் கொஞ்சம் அழுதேன். எல்லாம் சரியாக நடக்கிறதா, பால் வாங்கி வைத்தோமா, சங்கு ஊதுகிறவர் எங்கே என்று எனக்கு ஒரே பதைப்பு. தன் சாவுக்குத் தானே ஓடியாடுவது லேசில்லை.

உச்சி வெயிலில் அவள் வந்தாள்.

கேட்டுக்கு வெளியே நின்றாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, என் முகம். சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தாள். அதே சிரிப்போடு எங்கள் எல்லாருடைய முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். வீதியே அவளைப் பார்த்தது, ஒருவர் வாயும் அசையவில்லை. பெஞ்சின் முனையில் என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரைக் கண்டுகொண்டாள். வாயைத் திறந்து மாமா என்று கூப்பிட்டிருப்பாள்.

அவர் நிமிர்ந்தார். கேட்டருகில் பட்டுச்சேலையில் ஒரு நான், அடுப்படி நிலையில் பழைய நைலான் சேலையில் ஒரு நான். எதிரில் நிற்கிறவள் அவர் பெண்டாட்டி, வெயிலில் நிற்கிறாள், எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் உதடு பிரிந்தது. வாசல் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, அது வாங்க என்பதன் ஆரம்பம். அதற்குள் ஓடி அவரைச் சேர முடியாது. கத்தினாலும் கேட்காது. மூன்று தப்பட்டை முழுமூச்சாக அடித்துக்கொண்டிருந்தது, அது நாலு தறியும் ஒன்றாக ஓடுகிற சத்தம்.

சத்தம் வந்ததும் அவர் பழக்கப்படி உதட்டைத் தேடினார்.

முதலில் அவள் உதட்டைப் பார்த்தார். அது மென்றுகொண்டிருந்தது, ஒன்றும் சொல்லாமல், வேறு ஏதோ ஊருக்காக. அவர் முகம் மாறியது. பிறகு மெதுவாகத் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். நான் சத்தமே இல்லாமல் சொன்னேன்: "சொல்லாதீங்க மாமா. நான் இங்க இருக்கேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். போன தறிகளுக்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

அவள் ஒரு காலைத் தூக்கினாள், வைத்தாள். திரும்பத் தூக்கினாள், வைத்தாள். கடைசியில் அந்தக் கடகடவென்ற வார்த்தைகளைச் சொன்னாள், அதை மட்டும் வீதி முழுக்க உதட்டிலிருந்து படித்தது. பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனாள். ஆண்கள் போனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவர் தலைமுழுகி, ஈரவேட்டியோடு நேராகப் பட்டறைக்குப் போய் முதல் தறியை ஓட்டினார். நான் அடுப்படியில் நின்று அது அதட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் வீதியில் வழக்கமாகிவிட்டது. அருக்காணி அக்கா அடுத்த வாரமே அட்டிகையோடு செத்தாள், முடிவெட்டுகிறவர் செத்தார். இப்போது எங்கள் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிக்குள் சிரிக்கிறவர்கள் எல்லாம் அதே சுவரை ஒட்டிக் காய்கறிப் பையோடு நடந்துபோகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பொறுமையில்லை. மகனுக்குப் பெண் பார்க்க வேண்டும், காதுகுத்து வைக்க வேண்டும் என்று கருமாதியைச் செய்து வீட்டைக் கழுவிவிட்டார்கள், அன்றைக்கே வாசலில் கும்பிட்டுக்கொண்டு எவனோ நின்றான். இப்போது போலீஸ் சட்டையில் வருகிறானாம்.

நான் கருமாதி செய்யவில்லை. பெரியவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். "எத்தனை நாளைக்குடி செத்தே கிடப்பே?" என்று அருக்காணி அக்கா கேட்கிறாள். பார்க்கலாம் என்கிறேன். எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவதில்லை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில்லை. பவானியில் கட்டிக்கொடுத்த மகள் வந்தாலும் வாம்மா என்று சொல்வதில்லை, அவள் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து போகிறாள். அதுதான் எனக்குச் சங்கடம். ஆனால் பின்னால் தறி ஓடுகிறது. போன மாசம் இரண்டாவதாக ஒரு பழைய தறி வாங்கிப் போட்டிருக்கிறார், அது இன்னும் முதல் தறிக்குப் பதில் சொல்லப் பழகவில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தறிச்சத்தத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பேன், தப்பாக நினைக்காதீர்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு நீங்களாகவே உள்ளே வந்துவிடுங்கள். பானையில் தண்ணீர் இருக்கிறது, மோந்து குடியுங்கள். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போங்கள்.